மரவேலிக்கு ஆணி வாங்கும் முன்

வேலி அடிக்கப் போகிறவர்கள் மரத்துக்காக அலைவார்கள். மரக்காலையில் ஒவ்வொரு பலகையாகப் புரட்டுவார்கள், முடிச்சு பார்ப்பார்கள், வெடிப்பு பார்ப்பார்கள், விலை பேசுவார்கள். எல்லாம் முடிந்து லொறியில் ஏற்றிய பிறகு எங்கள் கடைப் பக்கம் வந்து, “அக்கா, ரெண்டரை அங்குல ஆணி ரெண்டு கிலோ போடுங்க” என்பார்கள். தலவாக்கலையில் ஹார்ட்வெயார் கடை மேசைக்குப் பின்னால் நிற்கிறவள் நான். தராசில் ஆணியைக் கொட்டுவதற்கு முன் அவர்களிடம் கேட்பேன்: என்ன மரம், பச்சையா காய்ந்ததா, அந்த வேலியை எந்தப் பக்கத்திலிருந்து எது தள்ளப் போகிறது?

சிலருக்கு இது வீண் விசாரணையாகப் படும். ஆனால் நம் பக்கத்து வேலிகளைக் கவனித்துப் பாருங்கள். கட்டை அடியில் உக்கிச் சாய்ந்த வேலிகள் உண்டுதான். அதைவிட, கட்டையும் பலகையும் திடமாக இருக்க, பலகைகள் மட்டும் ஒரு பக்கம் கழன்று தொங்கும் வேலிகளைத்தான் நான் அதிகம் காண்கிறேன். அந்த ஓட்டையில் விரலை விட்டால் ஆணியின் துருத்தூள்தான் வரும். நல்ல மரம், தவறான ஆணி. இதற்கு முன்கூட்டியே வழி செய்யலாம், பெரிய செலவும் இல்லை.

எந்தப் பக்கம் தள்ளுகிறது?

ஆணிக்கு ஒரு பலமும் ஒரு பலவீனமும் உண்டு. பக்கவாட்டில் வரும் பாரத்தை அது நன்றாகத் தாங்கும். வந்த வழியே பின்னால் இழுத்தால் சுலபமாகக் கழன்று வரும். எங்கே ஆணி, எங்கே ஸ்குரூ ஆணி, எங்கே போல்ட் என்பதை இந்த ஒரு விஷயத்தை வைத்தே பெரும்பாலும் தீர்மானித்துவிடலாம்.

மரக்கறித் தோட்டத்துக்கு வேலி போடுகிறவர்களுக்குக் காட்டுப்பன்றிதான் முதல் எதிரி. லீக்ஸ் பாத்தியோ கிழங்குப் பாத்தியோ, அது வெளியிலிருந்து வந்து மூக்கால் அடிப்பலகையை நெம்பும். பலகைகளைக் குறுக்குச் சட்டத்தின் உட்பக்கம் அடித்திருந்தால், ஒவ்வொரு நெம்பலும் ஆணியைப் பின்பக்கமாக இழுக்கும். நாலு இரவில் ஆணி தளர்ந்துவிடும். அதே பலகையைச் சட்டத்தின் வெளிப்பக்கம் அடித்திருந்தால், பன்றி தள்ளத் தள்ளப் பலகை சட்டத்தோடு இன்னும் இறுகும். ஆணிக்கு வேலையே இல்லை. மாட்டுப்பட்டிக்கு இதைத் திருப்பிப் போடுங்கள். மாடு உள்ளேயிருந்து முதுகைத் தேய்க்கும், சாயும். ஆகவே பலகை உட்பக்கம் வர வேண்டும்.

இரண்டு பக்கமும் தள்ளு வரும் இடத்தில், அதாவது ஒரு பக்கம் மாடு, மறு பக்கம் பன்றி என்றால், வெறும் கம்பி ஆணியை நம்பாதீர்கள். காற்றும் அப்படித்தான். ஹப்புத்தளை, பண்டாரவளைப் பக்கம் ஆடிக் காற்றில் இடைவெளி இல்லாமல் அடித்த வேலி, ஒரு பக்கம் தள்ளுப்பட்டு மறு பக்கம் உறிஞ்சப்படும். அங்கே பலகைக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு அங்குலமாவது இடம் விடுங்கள். அடிக்கும் ஆணி வளைய ஆணியாகவோ ஸ்குரூ ஆணியாகவோ இருக்கட்டும்.

வளைய ஆணி என்றால் உடம்பு முழுக்கச் சிறு சிறு வளையங்கள் வெட்டிய ஆணி. மரத்தின் நார் அந்த வெட்டுகளுக்குள் அமர்ந்துகொள்வதால் பின்வாங்காது. இதன் அருமை பச்சை மரத்தில்தான் தெரியும். நம் பக்கத்தில் அறுத்த கையோடு வேலிக்குப் போகும் மரமே அதிகம். ஈரமாக இருக்கும்போது அடித்த வழுவழுப்பான ஆணி, மரம் காயக் காயத் தன் பிடியில் பெரும்பகுதியை இழந்துவிடும். தலை அரை நூல், ஒரு நூல் என்று வெளியே வரும். திரும்ப அடித்தாலும் அடுத்த வெயிலில் மறுபடி வரும். பச்சை மரம் என்று தெரிந்தால் சாதாரணக் கம்பி ஆணியை விட்டுவிடுங்கள்.

வளைய ஆணி கிடைக்கவில்லையா? பழைய தச்சு பாஸ்மார் செய்த வழி இருக்கிறது. முக்கால் அங்குலப் பலகையும் 2 அங்குலச் சட்டமும் என்றால் 3½ அங்குல ஆணியை எடுத்து, மறுபக்கம் முனை எட்டிப் பார்க்கும்வரை அடித்து, அந்த முனையை மரத்தின் நாருக்குக் குறுக்காக மடக்கிவிட வேண்டும். நார் ஓடும் திசையிலேயே மடக்கினால் பிடி குறைவு. மடங்கிய இடத்தில் ஆணியின் நாகப் பூச்சு, அதாவது துத்தநாகப் பூச்சு, வெடிக்கலாம் என்பதால் அங்கே ஒரு சொட்டுப் பெயின்ட் வையுங்கள். பார்க்க அழகில்லை என்று இளைஞர்கள் விரும்புவதில்லை. மாட்டுப்பட்டிக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

மழையும் பூச்சும்

வட்டவளையில் ஆண்டு மழை 5,000 மில்லிமீட்டரைத் தாண்டும். நுவரெலியாவில் மழை அதில் பாதிகூட இல்லை. ஆனால் 1,868 மீட்டர் உயரத்தில் இருப்பதால் பனிமூட்டம் விட்டுவிட்டு மரத்தை நனைத்துக்கொண்டே இருக்கும். நமக்கு மே மாதம் தொடங்கினால் செப்டெம்பர்வரை மரம் சரியாகக் காய்வதே இல்லை. பதுளைப் பக்கம் மார்கழி, தை மாத மழைதான் கனதி. எப்படிப் பார்த்தாலும் மலைநாட்டு வேலியில் அடிக்கும் ஆணி ஆண்டில் பல மாதம் ஈரத்துக்குள் இருக்கப் போகிறது. அதனால் பூச்சில்லாத கறுப்பு ஆணியை வெளி வேலைக்கு வாங்கவே வேண்டாம்.

பூச்சு என்றாலும் எல்லாம் ஒன்றல்ல. கண்ணாடிபோல் பளபளவென்று, சில வேளை லேசான மஞ்சள் நிறத்தில் இருப்பவை மின்முலாம் பூசியவை. அதில் நாகம் பெரும்பாலும் 5 முதல் 8 மைக்ரோன்தான். வீட்டுக்குள் அலுமாரிக்கு அது போதும். மங்கலான சாம்பல் நிறத்தில், தொட்டால் சற்றுச் சொரசொரப்பாக, சில இடத்தில் கட்டி கட்டியாக இருப்பவை உருக்கிய நாகத்தில் முக்கி எடுத்தவை. கடையில் ஹொட் டிப் கல்வனைஸ் என்று கேளுங்கள். அதில் 40, 50 மைக்ரோன் அளவுக்குப் பூச்சு இருக்கும். பளபளப்பைப் பார்த்து அதுதான் உயர்ந்தது என்று எடுக்கிறவர்கள் நிறையப் பேர். வேலிக்கு அழகற்ற அந்தச் சாம்பல் ஆணிதான் உயர்ந்தது. நாகம் தான் கரைந்து இரும்பைக் காப்பாற்றுகிறது. கரைவதற்கு எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு காலம் காவல்.

ஸ்டெயின்லஸ் ஸ்டீல் இன்னும் ஒரு படி மேலே. அதில் 304, 316 என்ற இரண்டு தரம் முக்கியம். 316 கடற்கரை உப்புக்காற்றுக்கு. நமக்கு 304 போதும், மேலே காசு கொடுக்கத் தேவையில்லை. கடையில் சின்னக் காந்தம் ஒன்று கேட்டு வாங்கி ஒட்டிப் பாருங்கள். 304 ஒட்டாது, அல்லது செய்யும்போது அழுத்தப்பட்டதால் மிக லேசாக இழுக்கும். சட்டென்று கெட்டியாக ஒட்டிக்கொண்டால் அது 410 போன்ற வேறு தரம். பெயர் ஸ்டெயின்லஸ்தான், ஆனால் நம் மழையில் துரு ஏறும்.

இந்த இடத்தில் மரமும் பேச்சுக்குள் வரும். டர்பன்டைன் என்று நாம் சொல்லும் யூக்கலிப்டஸில் துவர்ப்புச் சத்து உண்டு. கொழுந்துச் சாறு பட்ட கவ்வாத்துக் கத்தி கறுத்துப்போவதைத் தோட்டத்தில் எல்லோரும் பார்த்திருப்போம். அதே துவர்ப்புத்தான் ஈரமான டர்பன்டைன் பலகையில் இரும்பைத் தின்று, ஆணித்தலையிலிருந்து கீழே கறுப்புக் கண்ணீர்போல் கோடு இறக்குகிறது. பெயின்ட் அடிக்காமல் மரத்தின் நிறத்திலேயே வேலி நிற்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் முன்பக்கப் பலகைக்காவது ஸ்டெயின்லஸ் வாங்குங்கள். சவுக்கில், அதாவது தேயிலைத் தோட்டத்து கிரவில்லியா மரத்தில், ஆணி சுலபமாக இறங்கும், ஆனால் மரம் வெளியில் அதிக காலம் நிற்காது. அதற்கு ஸ்டெயின்லஸ் போடுவது காசுக்குக் கேடு, ஹொட் டிப் போதும்.

மருந்தேற்றிய பைனஸ் வாங்கினால் கவனம். பச்சை சாயல் தெரிந்தால் அதில் செம்புச் சத்து இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். செம்பும் நாகமும் ஈரத்தில் சேர்ந்தால் நாகம் சீக்கிரம் கரையும். மெல்லிய மின்முலாம் அங்கே நிற்காது. குறைந்தது ஹொட் டிப், முடிந்தால் ஸ்டெயின்லஸ். அலுமினியம் கூடவே கூடாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வேலியோரத்தில் உர மூட்டையைச் சாத்தி வைக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. பொட்டாஷ் உரத்தில் குளோரைட் இருக்கிறது. கடல் உப்பு இரும்புக்குச் செய்வதை அதுவும் செய்யும். சாணிக் குவியலின் ஆவியும் உலோகத்துக்கு ஆகாது. மூட்டையையும் குவியலையும் வேலியிலிருந்து தள்ளி வைத்தால் ஆணியின் ஆயுள் கூடும்.

வேலிக்கு ஆகாதவை

ஜிப்சம் தட்டு அடிக்கும் கறுப்பு ஸ்குரூ. பட்டரி டிரில் வந்த பிறகு எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள், மலிவு, சுலபமாக ஏறும். ஆனால் அது கடினப்படுத்திய, முறியும் உலோகம். பலகை வீங்கிச் சுருங்கும்போது கழுத்தில் படக்கென்று முறியும். துருவும் சீக்கிரம்.

கொன்கிரீட் ஆணி. டர்பன்டைனில் சாதாரண ஆணி வளைகிறது என்று சிலர் இதை எடுப்பார்கள். இதுவும் முறியும் சாதி. வளைகிறது என்றால் அதற்கு மருந்து டிரில்லில் துளை போடுவது, ஆணியை மாற்றுவது அல்ல.

பழைய வேலியில் பிடுங்கி நிமிர்த்திய ஆணி. வளைந்த இடத்திலேயே மறுபடி வளையும், பூச்சும் அங்கே உரிந்திருக்கும். கோழிக்கூட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அளவும் துளையும்

பலகையின் தடிப்பைப் போல் மூன்று மடங்கு நீளம் என்பது நல்ல கணக்கு. முக்கால் அங்குலப் பலகைக்கு 2¼ வருகிறது, 2½ அங்குலம் எடுங்கள். 1¾ அங்குலம் சட்டத்துக்குள் இருக்கும். எப்போதும் மெல்லிய மரத்திலிருந்து தடித்த மரத்துக்குள் அடியுங்கள். சட்டத்தின் வெட்டுமுகத்தில், அதாவது நாரின் நுனியில், நேராக அடித்த ஆணிக்கும் ஸ்குரூவுக்கும் பிடி மிகவும் குறைவு. இரண்டு கட்டைகளுக்கு நடுவில் சட்டத்தைச் செருகி, ஓரத்தில் சாய்த்து இரண்டு ஆணி அடித்து விட்டுப்போகும் வேலையை நான் வேலையாகவே கருதமாட்டேன்.

2½ அங்குல ஆணி 3.35 மில்லிமீட்டர் தடிப்பு என்றால், காய்ந்த டர்பன்டைனில் 2.5 மில்லிமீட்டர் துளை முதலில் போடுங்கள். பலகையின் நுனிப்பக்கம் கட்டாயம் போடுங்கள், அங்கேதான் வெடிக்கும். டிரில் இல்லாதவர்கள் ஆணியின் முனையைச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி மொட்டையாக்கலாம். கூர்முனை நாரைப் பிளந்துகொண்டு போகும், மொட்டை முனை நாரை வெட்டிக்கொண்டு போகும். பிடி சற்றுக் குறையும் என்றாலும் பலகை வெடிக்காது.

ஸ்குரூவுக்கு இரண்டு துளை. 10 நம்பர் ஸ்குரூ ஏறக்குறைய 4.8 மில்லிமீட்டர். பலகையில் 5 மில்லிமீட்டர் துளை போட்டு அது தாராளமாகப் போகட்டும். சட்டத்தில் டர்பன்டைன் என்றால் 3.5, பைனஸ் என்றால் 3. பலகையில் தாராளத் துளை போடாவிட்டால் மரை பலகையையும் பிடித்துக்கொள்ளும், பலகை சட்டத்தோடு ஒட்டாமல் நடுவில் ஒரு இடுக்கு நிற்கும், மழைத்தண்ணீர் அங்கே குடியிருக்கும். மரையில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துக்கொண்டால் சுலபமாக இறங்கும். சவர்க்காரம் தேய்க்கிறவர்கள் உண்டு. அது ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், வேண்டாம்.

தலை மரத்தோடு சமமாக நின்றால் போதும். பலம் இருக்கிறதே என்று உள்ளே புதைத்தால் மேல்நார் நொறுங்கி ஒரு குழி விழும். அந்தக் குழியில் தண்ணீர் நிற்கும்.

6 அங்குலப் பச்சைப் பலகை காயும்போது அகலத்தில் கால் அங்குலத்துக்கு மேலும் சுருங்கலாம். இரண்டு ஓரத்திலும் ஆணி அடித்துப் பூட்டிவிட்டால் சுருங்க வழியில்லாமல் நடுவில் பிளக்கும். ஆணிகளை நடுப்பகுதியில் 2 அங்குல இடைவெளியில், ஒரே நாரில் விழாதபடி சற்று மேலும் கீழுமாக அடியுங்கள்.

கட்டையும் கேட்டும்

குறுக்குச் சட்டம் கட்டையோடு சேரும் இடத்துக்குப் போல்ட்தான் என் முடிவு. பலகை ஒன்று கழன்றால் ஒரு பலகைதான் போகும். சட்டம் கழன்றால் இரண்டு கட்டைக்கு நடுவிலுள்ள முழு அடைப்பும் தரையில். உருண்டைக் கட்டை என்றால் சட்டம் உட்காரும் இடத்தை உளியால் தட்டையாக்கிக்கொள்ளுங்கள். தலை உருண்டு, கழுத்து சதுரமாக இருக்கும் கோச் போல்ட் கேளுங்கள். சதுரக் கழுத்து மரத்தில் பதிந்துகொள்வதால் நட்டை இறுக்கும்போது போல்ட் சுற்றாது, வெளியிலிருந்து யாரும் ஸ்பானர் போட்டுக் கழற்றவும் முடியாது. 3/8 அங்குலத் தடிப்பு. 4 அங்குலக் கட்டையும் 2 அங்குலச் சட்டமும் என்றால் 7 அங்குல நீளம். நட்டுப் பக்கம் அகலமான வொஷர் வைக்காவிட்டால் நட்டு மரத்துக்குள் மூழ்கும்.

சட்டத்தின் நுனியிலிருந்து போல்ட் துளைக்கு, போல்ட் தடிப்பைப் போல் ஏழு மடங்கு தூரம் விடுங்கள். 3/8 க்கு 2⅝ அங்குலம். இதனால்தான் 4 அங்குலக் கட்டையில் இரண்டு சட்டங்களை முகத்துக்கு முகம் முட்டவைத்துப் போல்ட் போட முடியாது என்கிறேன். ஆளுக்கு 2 அங்குலம்தான் கிடைக்கும், நுனி வெடித்துவிடும். ஒன்றை மேலும் ஒன்றைக் கீழுமாக வைத்து, இரண்டும் கட்டையைத் தாண்டிப் போகட்டும்.

ஹொட் டிப் போல்ட்டுக்கு அதற்கென்று வந்த நட்டையே வாங்குங்கள். பூச்சின் தடிப்பால் சாதாரண நட்டு ஏறாது. நீளம் அதிகமென்று வெட்டினால் வெட்டிய முகத்தில் நாகம் இல்லை, நாகப் பெயின்ட் பூசுங்கள். ஹொட் டிப் கிடைக்காமல் பளபளப்பான போல்ட்தான் அகப்பட்டது என்றால், இறுக்கி முடித்ததும் தலைக்கும் நட்டுக்கும் துருத்தடைப் பெயின்ட் இரண்டு பூச்சு.

கேட்டின் மேல்பக்கத்துப் பிணைச்சல் (கீல்) தான் முழு வேலியிலும் அதிகம் பாடுபடும் இடம். கேட்டின் பாரம் அதை எப்போதும் வெளியே இழுத்துக்கொண்டே இருக்கிறது. பிள்ளைகளும் அதில் ஏறி ஆடுவார்கள். ஆணி அங்கே கூடாது. கட்டையை ஊடுருவிப் போகும் போல்ட் குறைந்தது இரண்டு போடுங்கள். கீழ்ப் பிணைச்சலுக்கு நல்ல ஸ்குரூ போதும். கையில் காசு குறைவென்றால் மிச்சம் பிடிக்கும் இடம் பலகை, பிடிக்கக்கூடாத இடம் கட்டையும் கேட்டும்.

எவ்வளவு வாங்குவது?

7 பேர்ச் காணியை எடுத்துக்கொள்வோம். ஒரு பேர்ச் 272¼ சதுர அடி, ஆகவே ஏறக்குறைய 1,906 சதுர அடி. சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 44 அடிக்குச் சற்றுக் குறைவு, சுற்றிவர 175 அடி. 7 அடிக்கு ஒரு கட்டை என்றால் 25 அடைப்பு. 4 அங்குலப் பலகை, ஒரு அங்குல இடைவெளி என்றால் ஓர் அடைப்புக்கு 17 பலகை. இரண்டு சட்டம், ஒவ்வொன்றிலும் இரண்டு ஆணி, ஆக ஒரு பலகைக்கு 4. மொத்தம் 1,700 ஆணி. நான் சொன்ன அளவு ஆணி கிலோவுக்கு ஏறக்குறைய 220 நிற்கும். 8 கிலோ வேண்டும், வளைவது தொலைவதற்கு இன்னொரு கிலோ. போல்ட் அடைப்புக்கு 4, ஆகவே 100. இரண்டு கிலோ ஆணியோடு வேலையைத் தொடங்கி, நடுவில் தீர்ந்துபோய், பிறகு கிடைத்த கடையில் கிடைத்த ஆணியை வாங்கி அடிப்பதால்தான் பல வேலிகள் பாதி நல்லதும் பாதி துருவுமாக நிற்கின்றன. எங்கள் கடையில்தான் வாங்க வேண்டும் என்று சொல்லவில்லை. எங்கே வாங்கினாலும் ஒரே தரத்தில், ஒரே முறையில் வாங்குங்கள்.

முதல் வருடம் மரம் காய்ந்து சுருங்குவதால் போல்ட்டுகள் தளரும். மேற்குச் சரிவில் இருப்பவர்கள் மாசி, பங்குனியில், மழைக்கு முன், ஸ்பானரோடு ஒரு சுற்று வந்து இறுக்குங்கள்.

வேலை முடிந்த அன்றே புல்லுக்குள் காந்தம் இழுங்கள். மாடு புல்லோடு ஆணியை விழுங்கினால் அது வயிற்றில் தங்கி, குத்திக்கொண்டு நெஞ்சுவரை போகக்கூடும், மாட்டைக் காப்பாற்றுவது கஷ்டம். ஸ்டெயின்லஸ் ஆணி காந்தத்தில் ஏறாது என்பதால், அது வாங்கியவர்கள் காலையில் பெட்டியில் எத்தனை, அடித்தது எத்தனை, மாலையில் மிச்சம் எத்தனை என்று எண்ணிவிட்டுத்தான் மாட்டை அந்தப் பக்கம் கட்ட வேண்டும்.